பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன்… உங்க மெயில் எங்கே இருக்குன்னு பார்த்தீங்களா?

"மெயில் எல்லாம் நெட்லதானே இருக்கு? புது கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு போட்டா தானா வந்துடும்." நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். போனில் மட்டும் மெயில் பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் சரிதான். ஆனால் வீட்டிலோ கடையிலோ ஒரு கம்ப்யூட்டரில் அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரியான மெயில் புரோகிராமைப் போட்டுப் பல வருடமாகப் பயன்படுத்தி வருபவர்களுக்கு இது எப்போதும் சரியாக இருக்காது. அவர்களுடைய பழைய மெயில்கள் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில், அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் மட்டும், இருக்க வாய்ப்பு உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2018-க்கு முன்பு வந்த பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் நிறைய பேர் மெஷினை மாற்றுகிறார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது, சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்து தம்பி தங்கைக்குக் கொடுப்பது, காயலான் கடைக்குப் போடுவது என்று அது கைமாறுகிறது. ஃபோட்டோ, பாட்டு, டாக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளும் நாம், மெயிலை மட்டும் மறந்துவிடுகிறோம். ஏனென்றால் அது டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகக் கண்ணில் படுவதில்லை.

பாப்பா, ஐமேப்பா?

மெயில் புரோகிராம் உங்கள் மெயிலை இரண்டு விதமாகக் கொண்டுவரும். ஒன்றின் பெயர் பாப். இன்னொன்று ஐமேப்.

பாப் என்பது தபால் நிலையத்தில் போஸ்ட் பாக்ஸ் வைத்திருப்பது மாதிரி. போய்ப் பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவீர்கள். அதன் பிறகு தபால் நிலையத்தில் தேடினால் கிடைக்காது, வீட்டு அலமாரியில்தான் தேட வேண்டும். ஐமேப் அப்படி இல்லை. அசல் கடிதம் தபால் நிலையத்திலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர், போன், டேப்லெட் எல்லாம் அதைப் பார்க்கும் ஜன்னல்கள் மட்டுமே. ஒரு ஜன்னல் உடைந்தாலும் கடிதம் பத்திரம்.

பாப் முறை ஏன் வந்தது என்றால், அந்தக் காலத்து இன்டர்நெட் அப்படி. நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோது டெலிபோன் லைன் வழியாகத்தான் கனெக்‌ஷன். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. கனெக்ட் பண்ணி, மெயிலை இறக்கி, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதுதான் புத்திசாலித்தனம். இன்று அன்லிமிடெட் டேட்டா வந்தும், அந்த ஏற்பாடு பல கம்ப்யூட்டர்களில் அப்படியே தொடர்கிறது. குறிப்பாகச் சொந்த இணையதளப் பெயரில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களில். அச்சகம், ஏற்றுமதி ஜாப் ஒர்க் யூனிட், ஆடிட்டர் அலுவலகம், டிராவல்ஸ் இப்படி. அவர்களுக்கு ஹோஸ்டிங் நிறுவனம் கொடுக்கும் மெயில் இடம் குறைவாக இருப்பதால், பெட்டி நிரம்பாமல் இருக்க பாப் முறையில் செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. தண்டர்பேர்டிலும் அவுட்லுக்கிலும் பாப் கணக்கு தொடங்கினால், "சர்வரில் ஒரு நகல் விட்டு வை" என்ற வசதி பொதுவாகத் தானாகவே டிக் ஆகியிருக்கும். அப்பாடா என்று நினைப்போம். அதன் கீழேயே "14 நாள் வரை" என்றும் டிக் ஆகியிருக்கும். அதாவது கடந்த இரண்டு வார மெயில் போனிலும் தெரியும், வெப்மெயிலிலும் தெரியும். அதைப் பார்த்து "எல்லாம் இருக்கே" என்று நிம்மதியாகிவிடுவோம். ஆனால் 2014-ல் வந்த மெயில் கம்ப்யூட்டரில் மட்டும்தான். ஜிமெயிலைப் பாப் முறையில் இறக்கினால் கதை கொஞ்சம் வேறு. இறக்கிய பிறகு அசலை வைத்திருப்பதா அழிப்பதா என்பதை ஜிமெயிலின் சொந்த செட்டிங்ஸ் முடிவு செய்யும்.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, கையில் இருக்கும் போன் போதும். பழைய கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராமைத் திறந்து, மிகப் பழைய மெயில்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். வேறு வேறு வருடம், வேறு வேறு ஃபோல்டர். ஒன்று நீங்கள் அனுப்பியதாகவும் இருக்கட்டும். அந்த மெயில்களின் தலைப்பைப் போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் தேடிப் பாருங்கள். வேறு நிறுவன மெயில் என்றால் போனின் பிரவுசரில் அவர்களுடைய வெப்மெயிலுக்குப் போய்த் தேடுங்கள். எல்லாமே கிடைத்தால் உங்கள் மெயில் சர்வரில் இருக்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால்கூட அந்தக் கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுக்காதீங்க.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? அக்கவுன்ட் செட்டிங்ஸில் சர்வர் விவரத்துக்குப் போங்கள். போர்ட் என்ற இடத்தில் 995 அல்லது 110 என்று இருந்தால் பாப். 993 அல்லது 143 என்றால் ஐமேப்.

ஐமேப்தான் என்று தெரிந்ததும் உடனே நிம்மதியாகிவிடவும் முடியாது. தண்டர்பேர்டின் இடது பக்கப் பட்டியலில் கடைசியில் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதில் நீங்கள் இழுத்துப் போட்ட மெயில்கள் சர்வரில் இருக்காது. பழைய அவுட்லுக்கில் "ஆர்கைவ்" என்று ஒன்று இருந்தால் அதுவும் அப்படியே. சில பழைய பதிப்புகளில் "ஆட்டோ ஆர்கைவ் செய்யட்டுமா?" என்று அவ்வப்போது ஒரு பெட்டி வந்து கேட்கும். நாம் படிக்காமல் "யெஸ்" அழுத்தியிருப்போம். மாதக்கணக்கில் பழையதான மெயில்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் உள்ள தனிக் கோப்புக்குப் போயிருக்கும்.

போனால் என்ன ஆகும்?

அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை இன்றைய நிலைமை பரவாயில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றை விண்ணப்ப எண் இருந்தால் மறுபடியும் பதிவிறக்கலாம். பட்டா, சிட்டா ஆன்லைனில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறை இணையதளத்தில் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். வருமான வரி தாக்கல் செய்ததற்கான ஒப்புகை அந்தத் துறையின் போர்ட்டலில் இருக்கிறது. டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை நேரடியாக வரும். (விண்ணப்ப எண் வந்ததே மெயிலில்தான், அது எங்கே என்று கேட்பவர்கள் இந்தக் கட்டுரையை இரண்டு முறை படிக்கவும்!)

மறுபடி கிடைக்காதவை வேறு. வீடு கட்டிக் கொடுத்தவர் "மார்ச்சுக்குள் முடித்துத் தருகிறோம்" என்று எழுதிய மெயில். இன்ஷூரன்ஸ் கிளெய்மை மறுத்து வந்த பதில். வேலையில் சேரும்போது வந்த ஆஃபர் கடிதம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து. வாடிக்கையாளர் விலைக்குச் சம்மதித்து எழுதிய ஒரு வரி. இவை எந்த போர்ட்டலிலும் இல்லை.

இதில் தேதியும் முக்கியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்களுக்கு வந்த பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவுக்குப் பின் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. பதில் மெயிலில் வந்திருந்தால் எந்தத் தேதியில் வந்தது என்பதை அந்த மெயில்தான் சொல்லும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். அதற்குள் கம்ப்யூட்டர் மாறினால் கையில் இருக்க வேண்டிய கடிதம் இருக்காது.

"பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன்" என்பார்கள் சிலர். நல்ல பழக்கம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் பிரின்ட்டையோ நகலையோ சாட்சியமாகக் கொடுக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கான சான்றிதழையும் கேட்கிறது. கணினியில் உள்ள மெயிலில் அது எந்த சர்வர் வழியாக, எந்த நொடியில் வந்தது என்ற தலைப்பு விவரம் மறைவாகச் சேர்ந்தே இருக்கும். பிரின்ட்டில் அது வராது. போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் சுத்தமாக வராது. ஆகவே மெயிலை மெயிலாகவே நகர்த்துவதுதான் நல்லது.

முதல் வேலை பாஸ்வேர்டு

பழைய கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராம் தினமும் தானாகவே திறக்கும். பாஸ்வேர்டை எப்போதோ ஒரு முறை போட்டதோடு சரி, இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. புது கம்ப்யூட்டர் அதைக் கேட்கும்போதுதான் சிக்கல் வரும். "ஃபர்காட் பாஸ்வேர்டு" அழுத்தினால் ஓடிபி பழைய சிம்முக்குப் போகும். அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு வருடக்கணக்காகி, எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும்.

அதனால் எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன், பழைய கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதைச் சரிபண்ணிடுங்க. போனில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இப்போதையதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்கவே முடியும். செட்டிங்ஸில் "பிரைவசி அண்டு செக்யூரிட்டி", அதில் "சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்". ஜிமெயில் என்றால் அங்கே உங்கள் பாஸ்வேர்டு தெரியாது, புரியாத நீளமான ஒரு குறியீடு இருக்கும். அது அனுமதிச் சீட்டு மட்டுமே, பாஸ்வேர்டு அல்ல. ஹோஸ்டிங் நிறுவன மெயில் என்றால் பாஸ்வேர்டே தெரியும். குறித்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு

மாற்றுவதில் எளிமையானது இதுதான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2004 முதல் இருக்கிறது. இதில் மெயில், முகவரிப் புத்தகம், ஃபில்டர், கையெழுத்து, கணக்கு விவரம், பாஸ்வேர்டு எல்லாமே "ப்ரொஃபைல்" என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். அந்த ஃபோல்டரை எடுத்தால் வீட்டையே அப்படியே பெயர்த்து எடுத்த மாதிரி.

மேலே மூன்று கோடு இருக்கும் மெனுவில் "ஹெல்ப்", அதில் "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்". திறக்கும் பக்கத்தில் "ப்ரொஃபைல் ஃபோல்டர்" என்ற வரிக்கு எதிரே "ஓப்பன் ஃபோல்டர்" பட்டன் இருக்கும். அழுத்தினால் ஃபோல்டர் திறக்கும். இப்போது தண்டர்பேர்டை மூடுங்கள். இதை மறக்கக் கூடாது, புரோகிராம் திறந்திருக்கும்போது காப்பி எடுத்தால் கோப்புகள் பாதியாக வரலாம். பிறகு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் போட்டு காப்பி செய்யுங்கள். உள்ளே "மெயில்" என்ற ஃபோல்டர் பாப் கணக்குக்கும் லோக்கல் ஃபோல்டருக்கும் உரியது. "ஐமேப்மெயில்" என்பது சர்வரில் இருப்பதன் நகல். எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், மொத்தமாக எடுங்கள்.

புது கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை இன்ஸ்டால் செய்து ஒரு முறை திறங்கள். மெயில் முகவரி கேட்கும். கொடுக்காதீங்க. அதே "ஹெல்ப்" வழியாகப் புதிய ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அங்கே இருப்பதை அழித்துவிட்டு, பழையதை ஒட்டுங்கள். ஃபோல்டரைத் தூக்கி ஃபோல்டருக்குள் போடாமல், ஃபோல்டரின் உள்ளே இருந்தவற்றைப் போட வேண்டும். திறந்தால் பழைய ஃபோல்டர், பழைய வரிசை எல்லாம் அப்படியே நிற்கும். ஜிமெயில் மட்டும் ஒருமுறை கூகுள் திரையில் உள்நுழையச் சொல்லிக் கேட்கலாம்.

புதிய கம்ப்யூட்டரில் உள்ள தண்டர்பேர்டு பழையதன் அதே பதிப்பாகவோ புதிய பதிப்பாகவோ இருக்க வேண்டும். புதிய பதிப்பில் ஓடிய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது. "டூல்ஸ்" மெனுவில் "எக்ஸ்போர்ட்" என்ற வசதியும் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாக்கித் தரும். ஆனால் ப்ரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் போனால் அது ஜிப் ஆக்காது. பல வருட மெயில் வைத்திருப்பவர்கள் அந்த அளவைத் தாண்டித்தான் இருப்பார்கள், எனவே கையால் காப்பி எடுப்பதே மேல்.

சில கம்ப்யூட்டர்களில் சி டிரைவ் நிரம்பிவிடுகிறது என்று மெயில் இருக்கும் இடத்தை மட்டும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டிருப்பார்கள். அப்படியானால் ப்ரொஃபைலை எடுத்தாலும் மெயில் வராது. அக்கவுன்ட் செட்டிங்ஸில் "சர்வர் செட்டிங்ஸ்" பக்கத்தின் அடியில் "லோக்கல் டைரக்டரி" என்று ஒரு முகவரி இருக்கும். அது டி டிரைவைக் காட்டினால் அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து, புதிதில் அதே முகவரியைச் சரி செய்யுங்கள்.

அவுட்லுக்கில் கொஞ்சம் மெனக்கெடணும்

இங்கே பேசுவது ஆபீஸோடு வரும் பழைய, கிளாசிக் அவுட்லுக்கைப் பற்றி. "ஃபைல்" மெனுவில் "அக்கவுன்ட் செட்டிங்ஸ்" திறந்து "டேட்டா ஃபைல்ஸ்" என்ற பகுதிக்குப் போங்கள். உங்கள் மெயில் எந்தெந்தக் கோப்பில், எந்த இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் வரும். பெயரின் கடைசியில் பி.எஸ்.டி. என்று முடிந்தால் அதுதான் அசல் சரக்கு, எடுத்தே ஆக வேண்டும். ஓ.எஸ்.டி. என்று முடிந்தால் அது சர்வரில் உள்ளதன் நகல், புது கம்ப்யூட்டரில் கணக்கைச் சேர்த்தால் தானாக மறுபடி உருவாகும். ஓ.எஸ்.டி. கோப்பைக் காப்பி எடுத்துப் போய் அங்கே திறக்க முயன்றால் திறக்காது.

ஓ.எஸ்.டி.தானே என்று விட்டுவிடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐமேப் கணக்கில் காலண்டர், கான்டாக்ட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் "இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அவை சர்வருக்குப் போவதே இல்லை. அவற்றை "ஃபைல்", "ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்", "இம்போர்ட் எக்ஸ்போர்ட்" வழியாக ஒரு பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் அவுட்லுக் கான்டாக்ட்ஸில் வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்கவும்.

பி.எஸ்.டி. கோப்பைக் காப்பி எடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டரில் அதை டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, "ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்" என்று திறந்தால் இடது பக்கப் பட்டியலில் ஒரு தனி மரமாக வந்து நிற்கும். கணக்கு விவரமும் பாஸ்வேர்டும் அதில் வராது, தனியாகப் போட வேண்டும். கையெழுத்தும் வராது. அதை ஒரு மெயிலில் எழுதி உங்களுக்கே அனுப்பிக்கொள்வதுதான் சுலபம். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் மட்டும் பி.எஸ்.டி.யை வைக்காதீங்க. இலவச இடமே 5 ஜிபிதான், அதோடு எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் அவ்வளவு பெரிய கோப்பை அது ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் 11-ல் தானாக வரும் "புதிய அவுட்லுக்" வேறொரு புரோகிராம். பெயர் ஒன்று என்பதால் குழம்பாதீர்கள். பி.எஸ்.டி. விஷயத்தில் அது கிளாசிக் செய்யும் எல்லா வேலையையும் செய்யாது.

இரண்டு புரோகிராமுக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை. பாப் கணக்கு என்றால், பழைய மெயிலை ஏற்றி முடிக்கும் வரை புது கம்ப்யூட்டரில் கணக்கைத் தொடங்க வேண்டாம். ஏற்றி முடித்ததும் பழைய கம்ப்யூட்டரில் தானாக மெயில் எடுக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் வந்தது ஒரு கம்ப்யூட்டரில், மாலையில் வந்தது இன்னொன்றில் என்று மெயில் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பென் டிரைவ் "இடமில்லை" என்று சொன்னால்

32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கும். 6 ஜிபி கோப்பைப் போட்டால் "ஃபைல் டூ லார்ஜ்" என்று வரும். பென் டிரைவ் கெட்டுப்போகவில்லை. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. மெயில் கோப்போ பெரும்பாலும் ஒரே பெரிய கோப்பு. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாகத்தான் வைக்கிறது, அவுட்லுக் மொத்தக் கணக்கையே ஒரு பி.எஸ்.டி.யில் அடைக்கிறது. பென் டிரைவில் உள்ளதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்.

அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் பத்திரமாக வச்சுக்கோங்க. தண்டர்பேர்டு ப்ரொஃபைலில் உங்கள் பாஸ்வேர்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன. பிரைமரி பாஸ்வேர்டு என்ற கூடுதல் பூட்டைப் போடாத வரை, அந்த ஃபோல்டர் கிடைத்த எவரும் தன் கம்ப்யூட்டரில் ஒட்டி உங்கள் மெயிலைத் திறந்துவிட முடியும். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகி "ஒரு நிமிஷம் காப்பி பண்ணிக்கிறேன்" என்று செய்யக்கூடிய வேலை இல்லை இது. இணையத்தில் தேடினால் "மெயில் மாற்றித் தருகிறோம், ரிமோட்டில் அனுமதி கொடுங்கள்" என்று போன் நம்பரோடு விளம்பரம் வரும். முன்பின் தெரியாதவருக்குத் திரையைக் கொடுக்க வேண்டாம். கொடுத்துப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

போனிலும் தெரியணும்னா

என்னைக் கேட்டால், வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கு இதுதான் நல்ல வழி. கம்ப்யூட்டரில் அடைபட்டிருக்கும் மெயிலை சர்வருக்கே திருப்பி ஏற்றிவிடலாம். புது கம்ப்யூட்டரில் பழைய மெயில் வந்துவிட்ட பிறகு, உங்கள் ஜிமெயில் கணக்கை ஐமேப் முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் "பழையது 2012", "பழையது 2013" என்று ஃபோல்டர்கள் உருவாக்கி, லோக்கல் ஃபோல்டரில் உள்ள மெயில்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் காப்பி செய்யுங்கள். மூவ் வேண்டாம், காப்பி. நடுவில் நெட் போனாலும் அசல் இருக்கும். ஒரே நாளில் பத்தாயிரம் மெயிலைத் தள்ளினால் திணறும். ஒரு வருட மெயிலை ஏற்றி, போனில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. அதை டிரைவும் ஃபோட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதால் முதலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கூகுள் கணக்கை அந்த நிறுவனம் நீக்கிவிட முடியும் என்ற விதியும் உண்டு. "பழைய மெயிலுக்குன்னு தனியா ஒரு ஐடி" தொடங்கி அதை மறந்துவிட்டால், கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்ததையும் இழந்ததாகிவிடும்.

கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஆன் ஆகலையா?

பதற வேண்டாம். மதர்போர்டு போனாலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது முதல் வார்த்தையாக "ஃபார்மட் பண்ணிடாதீங்க, உள்ள மெயில் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் புது கம்ப்யூட்டரில் செருகினால் இன்னொரு டிரைவாகத் தெரியும். அதில் "யூசர்ஸ்" ஃபோல்டரில் உங்கள் பெயர், அதற்குள் "ஆப்டேட்டா", "ரோமிங்", "தண்டர்பேர்டு". இந்த ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் "ஹிடன் ஐட்டம்ஸ்" காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். அவுட்லுக் என்றால் பெரும்பாலும் "டாக்குமென்ட்ஸ்" உள்ளே "அவுட்லுக் ஃபைல்ஸ்" என்று இருக்கும். டிஸ்க் பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது அந்தக் கம்ப்யூட்டரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்தே உள்நுழைந்து பார்க்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு

புதிய கம்ப்யூட்டரில் மெயில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் பழையதைத் துடைத்துவிட வேண்டாம். முதலில் ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பழைய இன்பாக்ஸில் 8,412 என்றால் புதியதிலும் அதே எண் வர வேண்டும். சென்ட் ஃபோல்டரைத் தனியாகப் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பாப் முறையில் நாம் அனுப்பியவை பெரும்பாலும் சர்வரில் இருக்காது. பிறகு அட்டாச்மென்ட் உள்ள மெயில்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். தலைப்பு மட்டும் வந்து, பிடிஎஃப் திறக்காவிட்டால் காப்பி சரியாக ஆகவில்லை என்று அர்த்தம். மறுபடி எடுங்கள்.

அப்புறமும் ஒரு மாதம் பழைய கம்ப்யூட்டர் பரண் மேல் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடிக்கு அவசரம் என்றால், டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மாதத்தில் வரி, இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணம் என்று ஏதாவது ஒன்றுக்காகப் பழைய மெயிலைத் தேட வேண்டி வரும், குறை இருந்தால் அப்போது தெரிந்துவிடும். அதன் பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் "ரீசெட் திஸ் பிசி" கொடுத்து, "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதோடு "கிளீன் டேட்டா" வசதியையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். குப்பையோடு போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனத்திடமோ கொடுங்கள்.